முதுகு நோயும் நெடுநாள் கணக்கும்: சிகிச்சையின் பலனை அளந்த ஒரு மருத்துவ மரபு

முதுகு நோய்க்குச் செய்யப்படும் ஒரு சிகிச்சை பலித்ததா இல்லையா என்ற கேள்விக்கு அறுவை மருத்துவர் ஒரு விடையும், எக்ஸ்ரே படம் ஒரு விடையும், நோயாளி வேறொரு விடையும் தருவது உண்டு. இம்மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் எதை நம்புவது, எத்தனை ஆண்டு கழித்துக் கேட்பது, கேட்டதை எவ்வாறு எண்ணாக்கி ஒப்பிடுவது என்பவற்றை ஒழுங்குபட ஆராயும் துறையே சிகிச்சை விளைவாய்வு எனப்படுகிறது. தையல் பிரித்த நாளோடு அறுவை மருத்துவரின் பொறுப்பு முடிந்தது என்று கருதும் வழக்கம் உலகெங்கும் நெடுங்காலம் இருந்தது. பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி வைத்து, ஓராண்டுக்குப் பிறகு அவரை மீண்டும் விசாரித்து, நேர்ந்த பிழைகளையும் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று 1910களில் வற்புறுத்தினார். சக மருத்துவர்கள் அதை ஏற்காத நிலையில் தாமே ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, அங்குச் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கை அச்சிட்டுக் காட்டினார். அந்த அட்டையின் கேள்வி எளிமையானது. அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கடினம்.

அக்கேள்வியை முதுகெலும்பு நோய்களில் நெடுங்காலம் கேட்டுவந்தவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் முதன்மையானவர். 1978இல் கோயம்புத்தூரில் அவருடைய பெற்றோர் ஜே. ஜி. சண்முகநாதன், கனகவல்லி ஆகியோர் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் எலும்பியல், முதுகெலும்பு அறுவைத் துறையை அவர் வளர்த்தெடுத்தார். அவருடைய ஆய்வுகள் சென்னையில் காசநோயால் சிதைந்த முதுகெலும்பில் தொடங்கி, கோவையில் இடுப்புவலியின் மூலத்துக்கும், பின்னர் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் சொற்கள் நோயாளிக்கு என்ன செய்கின்றன என்ற வினாவுக்கும் வந்து சேர்ந்தன. தனித்தனியாகப் பார்த்தால் தொடர்பற்றவை போலத் தோன்றும் இவற்றை இணைப்பது, படத்தில் காணும் கேட்டுக்கும் நோயாளி படும் பாட்டுக்கும் உள்ள உறவை ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும் என்ற உறுதி. ஆலைத் தொழிலாளரும் வாகன ஓட்டிகளும் கணினி முன் அமர்ந்து பணிபுரிவோரும் ஒருசேர முதுகுவலியோடு வாழும் பெங்களூருவுக்கு இந்த மரபிலிருந்து பெற வேண்டியது நிறைய இருக்கிறது என்பதே இவ்வுரையின் கருத்து.

இம்மரபின் வேர் சென்னையில் இருக்கிறது. முதுகெலும்புக் காசநோய் என்பது காசநோய்க் கிருமி முள்ளெலும்பின் உடற்பகுதியை, அதாவது உடலின் பாரத்தைத் தாங்கும் முன்புறக் கட்டையை, அரித்துக் கரைப்பதால் நேர்வது. முன்புறம் குறைந்து பின்புறம் நிலைத்து நிற்பதால் முதுகு முன்னோக்கி மடிந்து கூன் விழுகிறது. சீழோ எலும்புத் துணுக்கோ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1956 முதல் வெளியிட்ட ஆய்வுகள், மார்பையோ வயிற்றையோ திறந்து நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றி, அங்கே நல்ல எலும்பை வைத்து இணைப்பதே சிறந்த வழி என்று காட்டின. அதற்கு வேண்டிய அறுவை அரங்கும் மயக்க மருத்துவமும் இரத்த வங்கியும் இல்லாத மாவட்டங்களில் வாழும் இலட்சக்கணக்கானோருக்கு அந்த முடிவால் பயன் ஏதும் விளையவில்லை. வாராணசியில் எஸ். எம். துலி, எல்லோருக்கும் முதலில் மருந்து, மருந்துக்குக் கட்டுப்படாதவர்க்கும் நரம்புப் பாதிப்பு தீராதவர்க்கும் மட்டும் அறுவை என்ற நடுவழியை முன்வைத்தார்.

இவற்றுள் எது சரி என்பதை வாதத்தால் முடிவு செய்ய இயலாது. ஆகவே 1975இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நகரத்து அரசு மருத்துவமனைகளின் எலும்பியல் துறைகளும் சேர்ந்து ஒரு சமவாய்ப்புச் சோதனையைத் தொடங்கின. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் வசதிக்கோ விடாமல், குலுக்கல் போன்ற முறையால் தீர்மானிப்பதே சமவாய்ப்புச் சோதனை. இதனால் வலுவான உடல் உடையவர் ஒரு பிரிவிலும் நலிந்தவர் மற்றதிலும் குவிவது தவிர்க்கப்படுகிறது. ஒரு பிரிவினருக்கு ஹாங்காங் முறை அறுவையோடு ஆறு மாத மருந்தும், இரண்டாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஆறு மாத மருந்தும், மூன்றாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஒன்பது மாத மருந்தும் தரப்பட்டன. மருந்து மட்டும் பெற்றவர்கள் படுக்கையில் கிடத்தப்படவில்லை. எழுந்து நடமாடியபடியே சிகிச்சை பெற்றார்கள்.

1999இல் வெளியான பத்தாண்டு முடிவுகளின்படி, அறுவை செய்துகொண்ட பிரிவில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்து பெற்றோரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்து பெற்றோரில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். வாழ்நாளில் ஒரு முறைகூடப் பெரிய மருத்துவமனையைப் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவர், தம் ஊரிலேயே மாத்திரை உட்கொண்டு இந்நோயிலிருந்து எழுந்து நடக்க முடியும் என்பது இதனால் நிறுவப்பட்டது. சென்னையில் 1956இல் தொடங்கி நுரையீரல் காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை தந்து வென்று காட்டிய அதே ஆராய்ச்சி மரபு, பத்தாண்டுக்குப் பிறகும் நோயாளியை விட்டுவிடாத பழக்கத்தைத் தன்னிடம் வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. இந்திய மருத்துவத்தின் பெருஞ்சாதனைகளைப் பட்டியலிடுவோர் இச்சோதனையை அரிதாகவே குறிப்பிடுகின்றனர். அது பெருங்குறை.

ஆனால் கிருமி அழிந்த பிறகும் கூன் எஞ்சியது, சிலருக்கு வளர்ந்தது. சென்னையின் எலும்பியல் பேராசிரியர் டி. கே. சண்முகசுந்தரத்தோடு சேர்ந்து ராஜசேகரன் 1987இல் வெளியிட்ட ஆய்வு, அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற தொண்ணூறு நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இறுதிக் கூனின் கோணத்தை முன்கூட்டிச் சொல்ல வழி கண்டது. அந்த அளவீட்டை அருகிருந்து பார்ப்பது தகும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பின் உயரமும் பத்துப் பங்காகக் கொள்ளப்படுகிறது. ஒன்றில் ஆறு பங்கும் அடுத்ததில் நான்கு பங்கும் அரிக்கப்பட்டிருந்தால் மொத்த இழப்பு ஒரு முள்ளெலும்பு. அந்த இழப்பை 30.5ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால் வருவது, நோய் ஆறிய பின் நிற்கக்கூடிய கோணம். ஒரு முள்ளெலும்பு போனவருக்கு ஏறத்தாழ 36 பாகையும், இரண்டு போனவருக்கு 66.5 பாகையும் கூன் விழும் என்று எக்ஸ்ரே படமும் அளவுகோலும் மட்டுமே உள்ள மருத்துவர் சொல்லிவிடலாம். எவருக்கு மருந்து போதும், எவரை அறுவைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கைக்கு வந்துவிடுகிறது.

வளர்ந்து முடிந்தவர்களுக்குப் பொருந்திய அச்சூத்திரம் குழந்தைகளிடம் பொய்த்தது. ஒரே அளவு எலும்பை இழந்த இரு குழந்தைகளில் ஒருவருடைய முதுகு வளர வளரத் தானே நிமிர்வதும், மற்றவருடையது நோய் முற்றிலும் ஆறிய பிறகும் ஆண்டுதோறும் மடிந்துகொண்டே போவதும் காணப்பட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் ராஜசேகரன் வெளியிட்ட ஆய்வு, இவ்விரு வகையினரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய நான்கு எக்ஸ்ரே அறிகுறிகளைத் தந்தது: முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் விலகியிருத்தல், நோயுற்ற எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருத்தல், மேல் எலும்பு பக்கவாட்டில் நகர்ந்திருத்தல், மேலுள்ள நல்ல எலும்பு கீழுள்ளதன் மீது முன்னோக்கிச் சாய்ந்திருத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டுக்கு மேல் பெறும் குழந்தையின் கூன் வளரும், ஆகவே அதற்கு முன்கூட்டியே அறுவை வேண்டும். 'ஆபத்திலுள்ள முதுகெலும்பு' என்ற பெயரில் இவ்வறிகுறிகள் இன்று உலகப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க மனமில்லாத எவருக்கும் கிடைத்திருக்காத அறிவு இது.

காசநோயிலிருந்து சாதாரண முதுகுவலிக்கு வரும்போது ஆய்வாளர் முற்றிலும் வேறான நிலத்தில் கால் வைக்கிறார். காசநோயில் கிருமி உண்டு, கரைந்த எலும்பு உண்டு, படத்தில் காணும் கேடே நோய். பெரும்பாலான இடுப்புவலியில் அப்படியொன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. 2020இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததென்றும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு கணித்துள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோரின் வலிக்கு எந்தத் திசு காரணம் என்று உறுதியாகச் சொல்ல எந்தக் கருவியும் இன்றில்லை.

ஆயினும் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை 1934இல் வலுப்பெற்றது. பாஸ்டனில் நரம்பறுவை மருத்துவர் மிக்ஸ்டரும் எலும்பியல் மருத்துவர் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு, மக்கள் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் சொல்வது, பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்குக் காரணம் என்று காட்டினர். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் காலுக்கு இறங்கும் வலிக்குச் சரியான அவ்விளக்கம், இடுப்பில் மட்டும் வலிக்கும் கோடிக்கணக்கானோருக்கும் நீட்டிக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பிறகு அந்நீட்சி இன்னும் எளிதாயிற்று. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்து 1994இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வட்டாவது புடைத்திருந்தது. எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. தலை நரைப்பது போல வட்டும் காலத்தால் மாறுகிறது என்பதைத் தெரிவித்த இவ்வாய்வு வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்தும், புடைப்பு என்ற சொல்லைக் கண்டு அஞ்சி நிற்கும் நோயாளிகளை எல்லா நகரங்களிலும் காணலாம்.

வட்டுப் பிதுக்கத்துக்கு அறுவை வேண்டுமா என்ற வினாவை முதலில் சமவாய்ப்பு முறையில் சோதித்தவர் நார்வேயின் ஹென்ரிக் வெபர். 1983இல் அவர் வெளியிட்ட முடிவில், ஓராண்டில் அறுவை செய்துகொண்டோர் தெளிவாக மேம்பட்டிருந்தனர். நான்காம் ஆண்டில் வேறுபாடு குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் இல்லாமலே போயிற்று. நெதர்லாந்தில் 283 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2007இல் வெளியான சோதனையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: விரைவில் அறுவை பெற்றவர்களின் கால்வலி விரைவில் தணிந்தது, காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவையை நாடினர், ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர்.

இத்துறையின் மிகப் பெரிய முயற்சி அமெரிக்காவில் எலும்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வைன்ஸ்டைன் தலைமையில் 2000இல் தொடங்கிய, ஸ்போர்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனை. டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு மூத்தவரான ஜான் வென்பெர்க், அண்டை அண்டையாக உள்ள ஊர்களில் ஒரே நோய்க்கு அறுவை செய்யப்படும் விகிதம் பெரிதும் மாறுபடுவதையும், அதற்கு நோயாளிகளின் உடல்நிலையைவிட மருத்துவர்களின் பழக்கமே காரணம் என்பதையும் 1970கள் முதல் காட்டிவந்தார். அப்படியானால் சரியான விகிதம் எது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடைதேட, பதினொரு மாநிலங்களில் பதின்மூன்று மையங்களில் வட்டுப் பிதுக்கம், தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம், ஒரு முள்ளெலும்பு மற்றதன் மீது முன்னோக்கி நழுவுதல் ஆகிய மூன்று நோய்களுடைய ஏறத்தாழ 2,500 பேர் சேர்க்கப்பட்டனர்.

இச்சோதனையின் முதல் முடிவுகள் 2006இல் வெளிவந்தபோது எழுந்த குழப்பம் பாடமாக அமையத்தக்கது. குலுக்கல் ஒருவரை ஒரு பிரிவில் போடலாம். அங்கேயே இருக்க அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வட்டுப் பிதுக்கச் சோதனையில் அறுவைப் பிரிவில் விழுந்தவர்களில் இரண்டாண்டுக்குள் 60 விழுக்காட்டினரே அறுவை செய்துகொண்டனர். அறுவையில்லாப் பிரிவில் விழுந்தவர்களில் 45 விழுக்காட்டினர் அறுவைக்குப் போய்விட்டனர். எந்தப் பிரிவில் விழுந்தாரோ அந்தப் பிரிவின் கணக்கிலேயே அவரை வைப்பது சோதனையின் நேர்மையைக் காக்கும் முறை; அவ்வாறு கணக்கிட்டால் இரு சிகிச்சைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. எந்தச் சிகிச்சையை உண்மையில் பெற்றாரோ அதன்படி கணக்கிட்டால் அறுவையின் பலன் தெளிவாகத் தெரிந்தது. அறுவையை ஆதரித்தோரும் மறுத்தோரும் தமக்கு வேண்டிய கணக்கை எடுத்துக்கொண்டனர். கால்வாய்ச் சுருக்கத்திலும் எலும்பு நழுவலிலும் அறுவை பெற்றவர்கள் நான்காண்டுகள் வரை மேலான நிலையில் இருந்தது பின்னர் வெளியான முடிவுகளால் தெரியவந்தது. அதைவிட முக்கியமான செய்தி, வட்டுப் பிதுக்கத்தில் அறுவையின்றிக் காத்திருந்தவர்களும் கணிசமாகத் தேறினர், காத்திருந்ததால் பெருங்கேடு எதுவும் நேரவில்லை என்பது. சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், கால் பலம் வேகமாகக் குறைதல் போன்ற அபாய அறிகுறிகள் இல்லாத ஒருவர், எந்த வழியைத் தேர்வது என்பதைத் தம் வேலை, வலியின் கடுமை, அச்சம் ஆகியவற்றை எண்ணித் தாமே முடிவு செய்யலாம். நோயாளியும் மருத்துவரும் கூடி முடிவெடுப்பதற்கென்றே டார்ட்மத்தில் 1999இல் ஒரு மையத்தை வைன்ஸ்டைன் நிறுவியிருந்ததை இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

காலுக்கு இறங்காத, இடுப்போடு நிற்கும் நாள்பட்ட வலிக்கு எலும்புகளைத் திருகாணி கொண்டு இணைக்கும் அறுவையின் கதை இன்னும் மங்கலானது. ஸ்வீடனில் 2001இல் வெளியான சோதனை அறுவைக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அங்கே ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது வழக்கமான, ஒழுங்கற்ற இயன்முறைச் சிகிச்சை. பிரிட்டனில் 349 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், தீவிரமான உடற்பயிற்சியோடு அச்சத்தைப் போக்கும் உளவியல் பயிற்சியும் தரப்பட்டபோது, அறுவைக்குத் தெளிவான மேன்மை காணப்படவில்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே முடிவைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

கோவையில் ராஜசேகரன் குழுவினர் இதே காலத்தில் இரு முனைகளில் உழைத்தனர். முதலாவது, வட்டு ஏன் கெடுகிறது என்பது. வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை; மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து மெல்லிய குருத்தெலும்புத் தகட்டின் வழியாகக் கசியும் சத்தை நம்பியே அது உயிர்வாழ்கிறது. ஒரு நிறமூட்டியைச் சிரை வழியே செலுத்தி, அது வட்டுக்குள் மணிக்கணக்கில் மெல்லப் பரவுவதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களால் பின்தொடர்ந்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, அத்தகட்டின் பழுதே வட்டின் சிதைவுக்கு வழிவிடுகிறது என்று காட்டி, இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது. அதே பரிசைப் பெற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வில், வட்டுப் பிதுக்கம் உடைய 181 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வட்டின் நார் வளையம் கிழியாமல், அது தகட்டோடு சேரும் இடமே பெயர்ந்திருந்தது. நார் வளையம் கிழிவதே காரணம் என்று பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொல்லிவந்ததற்கு இது நேர்மாறானது.

இரண்டாவது முனை இவ்வுரைக்கு இன்னும் நெருக்கமானது. 2021இல் வெளியான ஆய்வில், அறுவை தேவைப்படாத நாள்பட்ட இடுப்புவலியுள்ள 44 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள சிதைவு, புடைப்பு, கிழிசல் எல்லாம் எழுதியவாறே விளக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்குப் படம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கிறது, காண்பவை வயதுக்கேற்ற மாற்றங்கள் என்று சொல்லப்பட்டது. இரு பிரிவினருக்கும் ஒரே சிகிச்சை. ஆறு வாரங்களில், அறிக்கையை அப்படியே கேட்டவர்களின் வலியும் தன்னம்பிக்கையும் செயல்திறனும் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தன. ஆய்வின் அடுத்த கட்டத்தில், ஒரே படங்களுக்கு வழக்கமான சொற்களில் ஓர் அறிக்கையும், அச்சுறுத்தாத சொற்களில் மற்றோர் அறிக்கையும் எழுதி மருத்துவர்களிடம் தந்தபோது, அவர்களுடைய மதிப்பீடும் சொல்லுக்கேற்ப மாறியது. கடுமையான சொற்களைப் படித்தவர்கள் நோயையும் கடுமையாகக் கண்டனர். சிறிய ஆய்வுதான், ஆறு வாரம் என்பதும் குறுகிய காலம். எனினும் ஒரு தாளில் அச்சான சொற்களையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதி, மருந்தின் பலனை அளப்பது போல அவற்றின் விளைவை அளக்கத் துணிந்தது, எலும்பின் இழப்பைப் பத்துப் பங்காக அளந்த அதே மனத்தின் தொடர்ச்சி.

பெங்களூருவும் இத்துறைக்குத் தன் பங்கைத் தந்திருக்கிறது. நகரின் தெற்கே ஜிகணிக்கு அருகே பிரசாந்தி குடீரத்தில் உள்ள விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானத்தில் பத்மினி தேகூர், ஆர். நாகரத்னா, எச். ஆர். நாகேந்திரா முதலியோர் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், நாள்பட்ட இடுப்புவலியுள்ள 80 பேர் ஒரு வாரம் அங்கேயே தங்கினர். ஒரு பிரிவு ஆசனம், பிராணாயாமம், தியானம், விளக்கவுரை ஆகியவை சேர்ந்த யோகப் பயிற்சியையும், மற்றது அதே அளவு நேரம் உடற்பயிற்சியையும் செய்தது. யோகப் பிரிவின் செயலிழப்பு அளவு கூடுதலாகக் குறைந்தது. முதுகின் நெகிழ்வும் மிகுந்தது. ஒப்பீட்டுப் பிரிவைச் சும்மா விட்டுவிடாமல் அவர்களுக்கும் தங்குமிடம், உணவு, பயிற்சி, கவனிப்பு அனைத்தையும் சமமாகத் தந்தது இச்சோதனையின் நேர்மைக்குச் சான்று. வீடு, வேலை, நெரிசல் எல்லாவற்றிலிருந்தும் விலகிய ஏழு நாள்களின் பலன், அவற்றுக்குத் திரும்பிய பின் எத்தனை மாதம் நிற்கும் என்பது அடுத்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அச்சோதனையில் பயன்பட்ட அளவுகோல், இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகர எலும்பியல் மருத்துவமனையில் ஃபேர்பேங்க் முதலியோர் உருவாக்கி 1980இல் வெளியிட்ட வினாப்பட்டியல். வலியின் கடுமை, தன் வேலையைத் தானே செய்துகொள்ளல், பளு தூக்குதல், நடத்தல், உட்கார்தல், நிற்றல், உறக்கம், தாம்பத்தியம், நால்வரோடு பழகுதல், பயணம் எனப் பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றப்படும். எண் உயர்ந்தால் செயலிழப்பு மிகுதி. 2014 முதல் இதன் சோதிக்கப்பட்ட தமிழ் வடிவமும் கிடைக்கிறது. இப்பட்டியல் உலகின் முதுகு நோயாளிகளை ஒரே தராசில் நிறுக்க உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கேட்கும் மூலப்பட்டியல், தரையில் சம்மணமிட்டு உட்காரவும் எழவும் முடிகிறதா, குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்த முடிகிறதா, தெருக் குழாயிலிருந்து குடம் நிறைய நீர் தூக்கி மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்பதில்லை. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூரு சாலையிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் நாள் முழுவதும் தையல் எந்திரத்தின் மீது குனிந்திருக்கும் பெண்ணுக்கு, முதுகு தேறியதா என்பதன் பொருள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. கூடவே, மறுநாள் வேலைக்குப் போக முடிந்ததா என்பதிலும்.

ஸ்வீடனில் 1990களில் வளர்ந்த முதுகெலும்பு அறுவைப் பதிவேடு, அறுவை செய்துகொண்டவர்களை ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அஞ்சல் வழியே விசாரித்து, மருத்துவரின் கை படாமல் நோயாளியே நிரப்பும் விடைகளைத் திரட்டிவருகிறது. பெங்களூருவில் இதைச் செய்ய முனைவோர் முதலில் சந்திக்கும் தடை முகவரி. ஆலை மாறும், வாடகை வீடு மாறும், கைபேசி எண் மாறும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று மொழியும் வீட்டுக்கு வீடு வேறுபடும். சென்னையில் பத்தாண்டு தேடியது போலத் தேடுவதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

ஆனால் இந்நகரின் அமைப்புசார் தொழிலாளருக்கு மாறாத ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரைக் காப்பீடு செய்யும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம், மக்கள் ஈ.எஸ்.ஐ. என்று அறிவது, ஒவ்வொருவருக்கும் தரும் காப்பீட்டு எண், ஆலை மாறினாலும் அவரோடே போகிறது. ராஜாஜிநகரில் உள்ள அதன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நகரெங்கும் உள்ள மருந்தகங்களிலும் முதுகுவலிக்கு வருவோரின் வருகைகள் அவ்வெண்ணின் கீழ்ப் பதிகின்றன. நோய்க்காலப் படியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை வழங்கப்படுவதால், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதும் அங்கேயே கணக்கில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர், எடுக்கப்படாதவர், அறுவைக்கு அனுப்பப்பட்டவர், பயிற்சி மட்டும் பெற்றவர் என்று பிரித்து, ஓராண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் இவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்று அந்த எண்ணைக் கொண்டே பார்க்கலாம். ஆஸ்வெஸ்ட்ரியின் பத்துக் கேள்விகளோடு தரையில் உட்கார்தல், குந்துதல், குடம் தூக்குதல் என்ற மூன்றையும் சேர்த்து, ஐந்து மொழிகளில், மருந்தகத்துக்கு வரும் நாளிலேயே கேட்டுப் பதியலாம். தாமாக வழி தேர்ந்தவர்களைப் பின்தொடர்வது குலுக்கலுக்கு ஈடாகாது. ஆயினும் எந்தக் கேள்வியைக் குலுக்கலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எலும்பியல் துறை ஒன்றும், புள்ளியியலாளர் ஒருவரும், நோயாளியின் ஒப்புதலும், குறைந்தது ஐந்தாண்டுக்கு இடைநிற்காத ஊதியம் பெறும் களப்பணியாளர் சிலரும் வேண்டும்.